ஆமென் மட்டும் சொன்னவள்

எங்கள் ஆலய வாசலில், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு சிறிய மேஜையின் மீது ஜெபக்குறிப்பு நோட்டு இருக்கும். நீல அட்டை போட்ட நீள நோட்டு, அதோடு நூலில் கட்டிய பேனா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் தங்கள் குறையை அதில் எழுதிவிட்டு உள்ளே போவார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் அதை ஒருவர் மைக்கில் வாசிக்க, சபை மொத்தமும் கண்ணை மூடி அந்தக் குறைகளுக்காக வேண்டிக்கொள்ளும். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, முழங்கால் வலி, இழுத்துக்கொண்டே போகும் நிலத் தகராறு என்று எல்லாம் அதில் வரும். எட்டு வருஷம் அந்த நோட்டை வாசித்தவள் நான். கால்புள்ளி, அரைப்புள்ளி தவறாமல் வாசிப்பேன் என்று எனக்குப் பெயர் இருந்தது. பழைய நோட்டுகளைப் புரட்டினால், எங்கள் சபையில் யார் எந்த வருஷம் எதற்குப் பயந்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்லிவிட முடியும். ஒரே ஒருத்தியின் கையெழுத்து மட்டும் எந்த நோட்டிலும் இருக்காது. அவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறாமையோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சபையில் ஞாயிறு பள்ளிக்கு நான்தான் தலைமை ஆசிரியை. இந்த இரண்டு வேலையிலும் பிள்ளைகளோடு புழங்கியதில், பயந்த பிள்ளைகளைத் தேற்றுவதில் கைதேர்ந்தவள் என்ற பேரும் எனக்குச் சேர்ந்துவிட்டது. பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளை, மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, அப்பா குடித்துவிட்டு வருவாரே என்று சாயங்காலம் ஆனதும் முகம் வெளிறும் பிள்ளை, யாராக இருந்தாலும் என்னிடம்தான் கூட்டி வருவார்கள். என்னிடம் ஒரு முறை இருந்தது. வேதத்தில் பயப்படாதே என்று சொல்லும் வசனங்களை வயதுவாரியாகப் பிரித்து, சின்னவர்களுக்குப் பத்து, பெரியவர்களுக்கு முப்பது என்று அட்டையில் எழுதி வைத்திருந்தேன். முதலில் மனப்பாடம். பிறகு பிள்ளையின் தலையில் கை வைத்து ஒரு நீண்ட ஜெபம். நான் ஜெபித்து முடித்ததும் பிள்ளை ஆமென் சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளைகள்கூட அதற்குள் அழுகையை நிறுத்திவிடுவார்கள். பயம் போய்த்தான் நிறுத்தினார்களா, என் ஜெபம் முடிந்தால் போதும் என்று நிறுத்தினார்களா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் ஓரகத்தி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் சீர்திருத்தச் சபை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டு வீட்டிலும் சிலுவைதான் தொங்குகிறது. ஆனால் சம்பந்தம் பேசும்போது அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை மைல் என்பது தெரிந்துவிடும். கொழுந்தனார் பிடிவாதமாக இருந்ததால் கல்யாணம் நடந்தது. வந்த அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் மாமனார் புது மருமகளை ஜெபிக்கச் சொன்னார். எங்கள் வீட்டு வழக்கம் அது. புதிதாக வந்தவர் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும், அவர் எப்படிப்பட்டவர் என்பதை அதில் எடைபோட்டுவிடுவோம். என்னைச் சொன்னபோது இருபது நிமிஷம் ஜெபித்தேன், மாமனார் கண் கலங்கிவிட்டார். இவள் எழுந்து நின்றாள். முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எனக்குச் சொந்தமாச் சொல்ல வராது மாமா. தெரிஞ்ச செபம் ஒண்ணு சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். மாமனார் தொண்டையைச் செருமினார். நான் குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டேன். என் முகத்தில் இருந்த திருப்தியை யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா?

அதற்குப் பிறகு அவள் எங்கள் சபைக்கே வந்தாள், எங்கள் பாட்டுகளைக் கற்றுக்கொண்டாள், ஆனால் சொந்த ஜெபம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. பெண்கள் கூட்டத்தில் வரிசையாக ஆளுக்கொரு ஜெபம் செய்துகொண்டு வருவோம். அவள் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவளின் முழங்கையைத் தொட்டுத் தாண்டிப் போகச் சொல்லிவிடுவாள். இரண்டு வருஷம் கழித்து ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் இல்லாமல் போனபோது, வேறு வழியில்லாமல் அவளை உட்கார வைத்தேன். படம் காட்டிக் கதை சொன்னால் போதும், ஜெபத்தை நான் வந்து செய்கிறேன் என்று சொல்லித்தான் வைத்தேன்.

முதல் வருஷம் வசனப் போட்டியன்று, ஒரு பெண் குழந்தை மேடைக்கு வர மறுத்து ஆலயத்தின் பின்பக்கம் ஓடிவிட்டது. நான் என் அட்டைகளோடு தேடிப் போனேன். எனக்கு முன்னால் அவள் அங்கே இருந்தாள். ஜெனரேட்டர் அறையின் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அவளை ஜெபிக்கச் சொல்லிக் கேட்டது. அவள் ஒளிவுமறைவில்லாமல், "எனக்கு வராதுத்தா. நீயே சாமிகிட்டச் சொல்லு. நீ சொல்லி முடிச்சதும் நான் ஆமென் போடுறேன்" என்றாள். குழந்தை கண்ணை மூடியது. பெரியவர்கள் ஜெபிக்கும் மாதிரி எதுவும் சொல்லவில்லை. தனக்கு ஒன்றுக்கு வருவது போல இருக்கிறது என்றும், தன் மாமி முதல் வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறார்கள் என்றும், போன வருஷம் மறந்துபோனபோது எல்லாரும் சிரித்தார்கள் என்றும் வரிசையாகப் புகார் சொன்னது. என் ஓரகத்தி நிதானமாக, ஒரே ஒரு ஆமென் சொன்னாள். குழந்தை எழுந்து மேடைக்கு வந்து, பாதி வசனத்தை மறந்து, மீதியைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியது. அந்த வாரம் ஆசிரியைகள் கூட்டத்தில் இதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். ஜெபிக்கத் தெரியாதவள் பிள்ளையை ஜெபிக்கச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவள் தப்பிக்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அவள் பிறந்த வீட்டில் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் செபமாலை சொல்வார்களாம். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். முதல் பாதி பெரியவர்களுக்கு என்று கிடையாது, வீட்டில் உள்ள குழந்தைகளும் முறை வைத்துச் சொல்லும். ஐந்து வயதுப் பிள்ளை முன்னால் சொல்ல, தாத்தா வரை பின்னால் பதில் சொல்வார்கள். பெரியவர் ஜெபிக்கப் பிள்ளை ஆமென் சொல்வதுதான் உலக நியதி என்று நான் வளர்ந்தேன். அவளுக்கு அது மாறியும் வரும் என்பது சின்ன வயதிலிருந்தே சாதாரணம்.

கொஞ்ச நாளில் பெரிய பிள்ளைகளும் அவளைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். பத்தாவது படிக்கிறவர்கள், வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள். என்னிடம் முப்பது வசனமும் ஒப்பித்து முடித்த ஒரு பெண்ணை, அடுத்த அரை மணி நேரத்தில் அவளோடு மதில் ஓரத்தில் பார்த்தேன். பெற்றோர்கள் என்னிடம் வந்து, "ஒங்க ஓரகத்தி எங்கிட்டு இருக்காங்க டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பி.எட். படித்தவள் நான். பிள்ளைகள் மனம் பற்றி இரண்டு தாள் பரீட்சை எழுதித் தேறியவள். அவள் பன்னிரண்டாவது முடித்ததோடு சரி. ஆகவே, கர்த்தருடைய நாமத்தினாலே ஒரு நிர்வாக மாற்றம் செய்தேன். அவளைச் சின்ன வகுப்பிலிருந்து எடுத்து, பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் தேநீரும் கொடுக்கும் பொறுப்பில் வைத்தேன். ஊழியத்தில் எதுவும் சின்னது இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லித்தான் வைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் ஞாயிறு பள்ளியில் தேநீர் குடிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது.

இதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் விஷயம். என் வயிற்றில் நெருப்பு விழுந்தது என் மகள் விஷயத்தில்தான். பன்னிரண்டாவது படித்த வருஷம், நவம்பர் வாக்கில் அவளுக்கு அது ஆரம்பித்தது. பரீட்சை நாள் காலையில் சாப்பிட்டது வயிற்றில் தங்காது. உள்ளங்கை வியர்த்து விடைத்தாள் நனைந்துபோகும். திங்கட்கிழமை டவுன் பஸ் வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள், பஸ் போன பிறகுதான் விடுவாள். டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார், மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படியும் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரார் பிள்ளைகளின் பயத்தை எல்லாம் தீர்த்துவைக்கிறவள் வீட்டுப் பிள்ளைக்குப் பயமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் மேஜைக்கு மேலே சுவரில் வசன அட்டைகளை ஒட்டினேன். காலையிலும் மாலையிலும் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அவள் ஆமென் சொன்னாள். பிறகு போய் வாந்தி எடுத்தாள்.

பொதுத் தேர்வுக்கு முன்னால் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கென்று எங்கள் சபையில் சிறப்பு ஜெபம் உண்டு. பிள்ளைகள் தங்கள் பேனாக்களைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் தட்டில் வைப்பார்கள். ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் ஜெபித்துத் திருப்பிக் கொடுப்பார். அதை ஏற்பாடு செய்கிறவளும் நான்தான். அன்று என் மகள் மூன்றாவது வரிசையில், தன் வகுப்பில் படிக்கும் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஜெபக்குறிப்பு நோட்டை வாசித்தேன். கடைசி வரியை வாசித்த பிறகு நோட்டை மூடியிருக்க வேண்டும். மூடாமல், நோட்டில் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். என் மகள் பயத்தினால் அவதிப்படுகிறாள், சாப்பிட்டது தங்குவதில்லை, பஸ் ஏற முடியாமல் நிற்கிறாள், ஊழியக்காரி வீட்டையே சத்துருவான சாத்தான் சோதிக்கிறான், எல்லாரும் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். குரல் தழுதழுத்தது உண்மை. தழுதழுப்பு மைக்கில் நன்றாகக் கேட்கிறது என்று மனசின் ஒரு ஓரம் கவனித்ததும் உண்மை. எங்களைப் போன்ற சபைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வேறு யாராவது பிள்ளையின் அந்தரங்கத்தை ஊரறியச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. நாங்கள் சொன்னால் அது ஜெபக்குறிப்பு.

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் பதினைந்து பேராவது அவள் தலையில் கை வைத்திருப்பார்கள். பயப்படாதே பாப்பா, பயப்படாதே பாப்பா என்று ஒரே பேச்சு. அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக, கிழியாமல் எடுத்து, அடுக்கி, என் கைப்பையின் மேல் வைத்தாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு குறைந்துபோயிற்று. பள்ளியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்பதுகூட வேறொரு ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னம்மா என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதற்குப் படம் போட்டால் என் முகத்தைப் போடலாம்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்களும் மாடியில் கொழுந்தனார் குடும்பமும் இருக்கிறோம். அந்த வாரக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், படிப்பு விடுமுறையில் இருந்த மகளைச் சாப்பிடக் கூப்பிடத் தேடினேன். மாடிப்படியில் பாதி ஏறும்போதே சமையலறை ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. இடையில் ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். சித்தியை நீ, வா, போ என்பாள். பிள்ளையை மரியாதையாக வளர்த்திருக்கிறேன் என்று அதுவரை நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். படியிலேயே நின்றேன். ஒட்டுக்கேட்பது பாவம் என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே, எனக்கு இப்பப் பரீட்சைக்குக்கூட அவ்வளவு பயமில்ல. எங்கம்மாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு. நான் எதச் சொன்னாலும் சபையில சொல்லிருவாங்க. எனக்கு இனிமே அவங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம். அவங்க மேல கோவமா இருக்கு. மன்னிக்கணும்னு தெரியும், ஆனா தோணல."

அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் ஓரகத்தி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்படிப் பேசக் கூடாது, பெத்த தாயில்லையா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்காகச் சொல்வாள் என்று. அவள், "ஆமென்" என்றாள்.

இறங்கி வந்துவிட்டேன். என் மகள் என்னைப் பற்றிச் சொன்னது வலித்ததா, அதைச் சித்தியிடம் போய்ச் சொன்னது வலித்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று வெட்கமில்லாமல் சொல்வேன். நான் பெற்ற பிள்ளைக்குப் பயம் வந்தால் போய் உட்கார ஒரு இடம் இருக்கிறது, அந்த இடம் என் வீட்டு மாடியிலேயே இருக்கிறது, எனக்கு அங்கே இடமில்லை. மறுநாள் காலையில் அவள் தண்ணீர் பிடிக்கக் கீழே வந்தபோது, குழாயடியில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"எம் மக என்னைக் குறை சொல்றா, நீ ஆமென்ங்கிற. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு?"

"நீங்கதானக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுப்பீங்க. அப்படியே ஆகட்டும்னு."

"அப்ப அப்படியே ஆகட்டும்னுதான் சொன்னியா?"

அவள் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துத் திறந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். "இல்லக்கா. படிச்சவங்களுக்கு அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். நான் சின்னதுலேருந்து வேற மாதிரி நெனச்சுக்கிருவேன். நீ சொன்னத நான் கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். சாமி என்ன பண்ணும்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கேட்டுச்சு, அதத்தான் சொன்னேன்."

அதை ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தாள். "அது அவ செபம்லக்கா. அத நான் எப்படி எடுத்துட்டு வாரது?" என்றாள். குடம் நிரம்பி வழிந்ததை நான்தான் பார்த்துக் குழாயை மூடினேன். அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் அவள் மேல் இருந்த எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. தப்புச் செய்தவளை மன்னித்துவிடலாம். தப்பே செய்யாதவளை என்ன செய்வது?

பரீட்சையன்று காலையில் மகள் முதலில் மாடிக்குப் போனாள். ஐந்து நிமிஷம் முணுமுணுப்பு, பிறகு அந்த ஒற்றை ஆமென். இறங்கி வந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். அது வயிற்றில் தங்கியது. தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னேன், சொல்லும்போதே வயிறு எரிந்தது. எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்தாள். பரீட்சை முடிந்த பிறகு, டாக்டர் சொன்ன மனநல மருத்துவரிடமும் அவளைக் கூட்டிப் போனோம். ஆறு மாதம் போகவேண்டி வந்தது. உள்ளே அவளோடு போனது சித்தி, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தது நான். இன்னமும் அவளுக்குப் பயம் வருகிறது. வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கிக் கடைசி வருஷம் படிக்கிறாள். இந்த நாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணுவாள். மாடியில் அரை மணி நேரம் பேச்சுக் கேட்கும். பிறகு கீழே என் போன் அடிக்கும், ஐந்து நிமிஷம், சாப்பிட்டேன், தூங்கினேன், வச்சிரட்டுமா.

நான் சும்மா இருந்துவிடவில்லை. நோட்டு வாசிப்பதிலிருந்து விலகிக்கொண்டேன். கண்ணாடிப் பவர் மாறிவிட்டது என்று ஐயரிடம் காரணம் சொன்னேன். பிள்ளைகளின் பயத்தை அவர்களைக் கேட்காமல் சபையில் வாசிக்கக் கூடாது என்று கமிட்டியில் பேசி, இரண்டு மூப்பர்களின் முணுமுணுப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு தீர்மானமும் போட வைத்தேன். அவள் செய்வதை நானும் செய்து பார்த்தேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணை உட்கார வைத்து, நீயே சொல்லும்மா, நான் ஆமென் மட்டும் சொல்கிறேன் என்றேன். அவள் ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் என் வாயில் ஒரு வசனம் வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி வந்துவிட்டது. மூன்றாவது தடவை அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "நான் இன்னும் முடிக்கல டீச்சர்" என்றாள். பிள்ளைகளிடம் பேசுவதற்குத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகள். தனியாக இருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு கால் மணி நேரம் அவள் ஒன்றைச் சொன்னாள். நான் கையில் இருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். நாலு இடத்தில் நாக்கின் நுனிக்கு வசனம் வந்தது, இரண்டு இடத்தில் திட்டு வந்தது, ஒரு இடத்தில் அழுகை வந்தது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். அவள் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். லைனில் இருக்கிறேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இப்ப ஜெபிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா. நீ சொன்னதக் கேட்டுக்கிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. "சித்திகிட்டச் சொல்லிறாதம்மா" என்றாள். சொல்லிறாதீங்க என்று சொல்லவில்லை. சொல்லிறாத என்றாள். சித்திக்கு ஏன் தெரியக் கூடாது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு காரணம் சொல்லி, கடைசியில் சித்தியிடமும் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. போனை வைத்த பிறகு, ஒரு வாலிபப் பெண்ணைப் போல வீட்டுக்குள் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். அவள் சொன்ன விஷயம் சந்தோஷப்பட வேண்டியது இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது என்னவென்று என் கணவருக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து, நானும் என் ஓரகத்தியும் ஒரே ஆட்டோவில் திருக்கோகர்ணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழி வரை வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"பாப்பா ஏதும் பேசுச்சாக்கா? ரெண்டு வாரமா எங்கிட்டச் சரியாவே பேசல. எதையோ மனசுல வச்சிருக்கு."

இத்தனை வருஷம் நான் காத்துக் கிடந்த கேள்வி. எங்கிட்டச் சொன்னா, ஒங்கிட்டச் சொல்லல என்று ஒரு வரி போதும். அந்த வரி வாய் வரை வந்துவிட்டது, இனிப்பாகக்கூட இருந்தது. "எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. பரீட்சை நேரம்ல" என்றேன். ஞாயிறு பள்ளித் தலைமை ஆசிரியை, ஆலயத்தை விட்டு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயால் சொல்வதை மட்டும் கேட்கிறவள் இல்லை அவள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். உதடு கொஞ்சம் இறுகி, தாடை கொஞ்சம் தூக்கி, எதையும் பார்க்காமல் பார்க்கிற அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், மாடியில் பேச்சுச் சத்தம் கேட்கும்போது கீழே என் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்தால் அவளுக்குத் தெரிந்துபோகும். வீடு வரும்வரை கையை என் பையின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.